ஒரு பக்கெட் பழகிய அழுக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கெட் அழுக்கு வந்து இறங்கியது.

நிஜமாகவே அழுக்குதான். பழுப்பு நிறத்தில், வழவழவென்று, சேற்று வாசனையோடு அரை பக்கெட் ஜல்லிக்கல். பக்கத்துத் தெருவில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் அதை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கீழ்க்கட்டளையிலிருந்து முடிச்சூர் வரை ஓட்டி வந்திருந்தார்.

வாசலுக்கு ஓடியது நான் அல்ல. என் மனைவி மாலதி. கேட்டைக்கூட சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைக்கிற மாலதி.

“கழுவலையே பாய்?”

“ஒரு சொட்டு பைப் தண்ணி படல தங்கச்சி. பல்லாவரம் சிக்னல்ல ஒருத்தர், ‘இன்னா பாய், மீனா?’ன்னார். கல்லுன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு வண்டியைத் தள்ளி நிறுத்திக்கினார்.”

ஆரத்தி எடுக்காததுதான் குறை. பக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

ஏன் இந்த மரியாதை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றதும் படித்துறை எல்லாம் கற்பனை செய்துவிடாதீர்கள். இரண்டு கட்டில் அகலம், முட்டிக்கு மேல் ஆழம், அவ்வளவுதான். போன வருஷம் ஆசைப்பட்டு வெட்டினேன். தெருவே சிரித்தது. “மழை வந்தா தண்ணிய வெளிய தள்ளத்தான் இங்க எல்லாரும் மோட்டார் வச்சிருக்கோம். நீங்க உள்ள கூப்பிடுறீங்களே சார்” என்றார் எதிர்வீட்டுக்காரர். வருஷா வருஷம் மழை வெள்ளம் பார்க்கிற முடிச்சூர் இது. நானும் சிரித்து வைத்தேன்.

கொசு வராமல் இருக்க கப்பி மீன் விட்டேன். கொசு வரவில்லை. பச்சை வந்தது. சும்மா பச்சை இல்லை — புதினா சட்னியைக் கரைத்து ஊற்றிய மாதிரி.

போன தீபாவளிக்கு மாலதியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி வித்யா குளத்தை எட்டிப் பார்த்து, ரொம்ப அக்கறையாக ஒரு கேள்வி கேட்டாள். “அண்ணி, இதுல பாசி வளர்க்கிறீங்களா?”

மாலதி சிரித்தாள். அவர்கள் கிளம்பிப் போனதும் சிரிப்பும் போனது. பாத்ரூம் வேலையில் மிஞ்சிய நீல டைல் ஒன்றை எடுத்துவந்து குளத்தில் போட்டாள். ‘டொப்’ என்று விழுந்து பச்சைக்குள் காணாமல் போனது.

“அடுத்த தீபாவளிக்கு அவங்க வரும்போது அந்த டைல் என் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா மண்ணைக் கொட்டி மூடிட்டு, கறிவேப்பிலை வைப்பேன்.”

சொன்னால் செய்கிறவள். கறிவேப்பிலைக் கன்றை அன்று மாலையே வாங்கி வந்து தொட்டியில் தயாராக வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பாயும் நானும் கூட்டு சேர்ந்தோம். அவரிடம் பைப் இருந்தது, என்னிடம் யூடியூப் இருந்தது. இருவருக்குமே அனுபவம் மட்டும் இல்லை.

செடியும் கல்லும் வைத்துக் குளத்துக்கு ஒரு ஃபில்டர். விஷயம் எளிதுதான். ஓட்டை விழுந்த பழைய தண்ணீர் டேங்கைப் பாதியாக அறுத்து, அடிப்பாதியைக் குளத்தைவிட உயரமாக வைத்தோம். அடியில் பைப், அதன் மேல் கல், கல்லுக்கு நடுவே மண்ணில்லாமல் கல்வாழையும் வெட்டிவேரும் வசம்பும். சின்ன மோட்டார் குளத்துத் தண்ணீரை டேங்கின் அடிக்கு அனுப்பும். அது கல் வழியாக மெதுவாக மேலே ஏறி, விளிம்பில் வழிந்து, திரும்பக் குளத்திலேயே விழும். மீனின் கழிவு செடிக்குச் சாப்பாடு. செடி சாப்பிட்டு முடித்த தண்ணீர் மீனுக்கு வீடு.

பேப்பரில் அழகாக இருந்தது. முதல் நாள் மோட்டார் போட்டதும் குளம் முழுக்க மோர்.

முக்கால் இஞ்ச் ஜல்லியைக் குவாரித் தூசோடு அப்படியே கொட்டியிருந்தோம். மாலதி ஜன்னலில் நின்று பார்த்தாள். “பச்சை போயிடுச்சு பாய். கறிவேப்பிலை, இஞ்சி போட்டா குடிச்சிடலாம்.”

மொத்தக் கல்லையும் வெளியே எடுத்து, சல்லடையில் போட்டு, தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவினோம். “ஜல்லியக் கழுவாம போடவே கூடாது சார்” என்று பாய் அன்றைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். மாலதியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்? காத்திருந்தோம். கல்வாழை சிவப்பாகப் பூத்தது. பச்சை மெல்ல மெல்ல வெளுத்தது. வாரா வாரம் பழுத்த இலையை நறுக்கி வெளியே போடுவேன். உள்ளேயே விட்டால், செடி சாப்பிட்டதை எல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அவ்வப்போது டேங்கின் அடி வால்வைத் திறந்தால் கறுப்பாகச் சகதி வரும். அதை மாலதியின் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன். குளத்தை விழுங்கக் காத்திருக்கும் செடிக்குக் குளமே சோறு போட்டது!

ஆடி மாதம் ஒரு காலை, டைலின் ஒரு மூலை தெரிந்தது. ஆவணியில் முழு டைலும். மாலதி காபி டம்ளரோடு குளத்தங்கரைக்கு வர ஆரம்பித்தாள். பாய் தன் பெருமை தாங்காமல், எங்கள் கல்வாழையிலேயே ரெண்டு கிழங்கு பெயர்த்துப் போய், கீழ்க்கட்டளையில் மகள் வீட்டு மாடியில் இதே மாதிரி ஒன்றைக் கட்டினார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

நம் வீடுகளில் அன்றைக்கு உழைக்கிற எதற்கும் குளியல் உண்டு. பைக், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை... நான் வண்டலூரில் ஒரு நண்பரின் பட்டறை பூஜைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மொட்டைமாடியில் முத்து காயப்போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று எங்கள் ஜல்லி. மாலதி கூலிக்கு ரெண்டு ஆள் வைத்து மேலே ஏற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்திருந்தாள். செடிகளின் வேர்களைக்கூட விடவில்லை. டேங்குக்குச் சந்தனம், குங்குமம். மோட்டாருக்கு மல்லிகைப் பூ.

“பாவம், ராப்பகலா உழைக்குது. அதுவும் மெஷின்தானே?” என்றாள்.

ஒரு வருஷமாக ‘உங்க ஃபில்டர்’ என்று சொன்னவள் பூ வைத்திருக்கிறாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ‘சூப்பர்’ என்றேன். கல்லைத் திரும்ப டேங்கில் அள்ளிக் கொட்டியதும் நான்தான்.

அந்த வாரமே தண்ணீர் கலங்கியது. கல்வாழை தலை சாய்ந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மெல்லப் பச்சையும் திரும்பியது. டைல் போயே போய்விட்டது. தீபாவளியோ நெருங்கிவிட்டது. நான் மோட்டாரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

பாய் வந்தார். மோட்டாரைத் தொடவில்லை. ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், கல்லு கல்யாண மாப்பிள்ளை கணக்கா மினுக்குது?”

அவர் கேட்டபோதே எனக்கு உறைத்துவிட்டது. எந்த வீடியோவிலோ கேட்டு, எந்தக் காது வழியாகவோ வெளியே விட்ட விஷயம். கல்லின் மேல் படிந்திருந்த அந்த வழவழப்புதான் ஃபில்டரே. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அதில் குடியிருந்துதான் மீனின் கழிவைப் பக்குவப்படுத்திச் செடிக்குப் பரிமாறின. புதுக் கல்லின் தூசு வேறு, வேலை பார்க்கும் கல்லின் வழவழப்பு வேறு. நாங்கள் சமையல்காரர்களைத் துரத்திவிட்டுப் பாத்திரத்தைப் பளபளப்பாக்கி வைத்திருந்தோம்.

நான் விளக்கியதும் மாலதியும் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தாள். “ஜல்லியைக் கழுவணும்னு நீங்கதானே பாய் சொன்னீங்க” என்றாள். சண்டைக் குரல் இல்லை அது. அப்புறம் மீன்களைப் பார்த்துக்கொண்டே, “அப்போ... நானேதான் கெடுத்துட்டேனா?”

தொட்டியில் கறிவேப்பிலை செழிப்பாக நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நீ எங்க கெடுத்த? ரொம்ப நல்லா பாத்துக்கின. அதான் பேஜார் ஆயிடுச்சு” என்றார் பாய். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “பொண்ணு வூட்டு டேங்குல அழுக்கு கீதே. நம்ம செடி போட்டு வளந்த அழுக்கு. அழுக்குலயும் பழகுன அழுக்கு, பழகாத அழுக்குன்னு கீது சார். இது பழகுனது. போட்டவுடனே வேலைய ஆரம்பிச்சிடும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பக்கெட்தான், முதலில் சொன்னேனே, அது.

அழுக்குக் கல்லைச் சுத்தக் கல்லோடு கலந்தோம். குளத்தில் கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். மீனின் கழிவு குறையட்டும் என்று மாலதி தீனி டப்பாவைப் பரணில் ஏற்றி, சிட்டிகை அளவு மட்டும் தன் கையால் போட்டாள். தீபாவளிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்தவள், அந்த டேங்க் பக்கம் துடைப்பத்தைக்கூட கொண்டுபோகவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூட இருக்கும் எனக்குத்தான் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், பிடித்துப்போன எதையும் நாம் சும்மா விடுவதில்லை. தேய்த்துவிடுகிறோம்.

தீபாவளி காலை. எண்ணெய்க் குளியல் முடிந்து, தலையில் துண்டோடு மாலதி நேராகக் குளத்துக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன். மீன்கள் கீழே நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரில் லேசான டீ நிறம். அதற்கடியில் கொஞ்சம் மங்கலாக, ஆனால் நான்கு மூலையோடும்... நீலம்.

“தெரியுது” என்றாள். கறிவேப்பிலையை அன்றைக்கே வேலியோரம் நட்டுவிட்டோம்.

பத்து மணிக்குத் தம்பி குடும்பம் வந்தது. வித்யா குளத்தைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். “பரவாயில்லையே அண்ணி” என்றாள். அப்படியே நகர்ந்து டேங்கை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். “தண்ணி இவ்ளோ நல்லா இருக்கு, கல்லு மேல என்ன இது வழவழன்னு? ஒரு நாள் தேய்ச்சுக் கழுவிடலாமே. நான் வேணா—”

“அதுல கை வச்ச, இந்த வருஷம் உனக்கு அதிரசம் கிடையாது” என்றாள் மாலதி.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஃபில்டருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டாம். குளியல் மட்டும் கிடையாதாம்.