விட்டுப்போன மரங்கள்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர்களுக்குச் சம்பளத்தில் சேராத ஒரு வேலை உண்டு: ஒரு பிள்ளை சோம்பேறியா, திமிர் பிடித்ததா, சுகமில்லாததா என்று தீர்ப்புச் சொல்வது. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

பிரம்பு

ருவான்வெல்லைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் என் பள்ளிக்கூடம். தரம் ஐந்தில் தர்ஷிகா என்றொரு பிள்ளை. கணக்கைத் தொடங்குவாள், பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்துக் கட்டத் தொடங்குவாள். ஒரு காலில் மட்டும் சொக்ஸோடு வந்த நாளும் உண்டு. ஆனால் கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். படிப்பு ஏறாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வருஷக் கடைசியில் நிறுத்திவிட்டால் தம்பியையாவது பார்த்துக்கொள்வாள் என்று அவளுடைய அப்பா மாரிமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இது கவனக் குறைபாடு என்கிற நோயாக இருக்குமோ என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பார்த்தேன்.

கணக்குப் படிப்பிக்கிற எங்கள் சேருக்கு இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த நோய், பிரம்புதான் பழைய மருந்து. நான் லீவில் இருந்த ஒரு நாள் மருந்தைக் கொடுத்தும்விட்டார். மறுநாள் அவள் உள்ளங்கை தடித்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, எதற்கு அடி வாங்கினாய் என்று கேட்டேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மறந்துட்டேன் டீச்சர்."

பென்சில் பெட்டி

அவள் தொலைக்கும் பென்சில் பெட்டிகளுக்குப் பதில் வாங்குவது என் பொறுப்பாகிவிட்டது. பஸாரில் புத்தகக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளிக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு. யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். அவரும் வைத்தியம் சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நோயும் கிடையாது, ஃபோனைப் பறித்து வைத்தால் கவனம் தானாக வரும் என்றார்.

அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டன் ஃபோன், அதுவும் மூடி கழன்று றப்பர் பேண்ட் போட்டது என்றேன். தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை நானா. "அப்ப டீவிதான் டீச்சர், வேற என்ன?"

கிளினிக்

பிள்ளையை டொக்டரிடம் காட்டலாம் என்றதற்கு மாரிமுத்து வரமாட்டேன் என்றுவிட்டார். "எம்புள்ளைக்குப் பைத்தியமா?" என்று கேட்டதோடு சரி. அவர் மனைவி செல்வியையும் பிள்ளையையும் நான்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண். செல்விக்கும் சிங்களம் வரும், ஆனால் அன்று பயத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டு பக்கமும் நானே பேசினேன். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, தூங்குகிறாளா, காலையில் சாப்பிட்டு வருகிறாளா என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கவனக் குறைபாடு என்ற பெயரோடு வருகிற பிள்ளைகள் சிலருக்குக் கண்ணாடி மட்டுமே தேவைப்படும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது நிஜமான நோயா, இல்லை பெயர் மட்டும்தானா என்று நேராகவே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் அவசரப்பட்டுச் சொல்லவும் கூடாது. ஆனால் சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் இப்படியே இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால், இது உண்மையானதுதான். அடித்தால் போகாது. அடுத்த முறை அப்பாவும் வர வேண்டும் என்றார். நான் தமிழில் சொல்லி முடித்ததும் செல்வி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அப்ப இவ வேணும்னு செய்யலீங்களா டீச்சர்?"

காய்ந்த சிரட்டை

அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு சனிக்கிழமை காலை இறப்பர் மலைக்கே போனேன். மரங்களில் வடிந்த இறப்பர் பாலை எடுக்கிற நேரம். மாரிமுத்து வாளியோடு நின்றுகொண்டிருந்தார், கங்காணி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிரையின் நடுவில் சில மரங்களில் பால் ஏந்துகிற சிரட்டை காய்ந்து கிடந்தது. மாரிமுத்து அந்த மரங்களில் பால் வெட்டாமலே தாண்டிப் போயிருக்கிறார். இது முதல் தடவை இல்லையாம். இனியும் விட்டால் பால் வெட்டிலிருந்து எடுத்துவிட்டுப் புல்லு வெட்ட அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கங்காணி போனார்.

தலை குனிந்து நின்ற அந்த முகத்தை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். பேச வந்ததைப் பேசாமல், டொக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன்: அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மாரிமுத்து காய்ந்த சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் வேணும்னு விடலீங்க டீச்சர். சின்னதுல இருந்தே இப்பிடித்தான், எங்கப்பா அடிக்காத அடியில்ல" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் திரும்பி வந்தார். "அந்த டொக்டரம்மா... பெரியாளையும் பாப்பாங்களா?"

இது நோயா இல்லையா என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் அப்பாவும் மகளும் வியாழக்கிழமை ஒன்றாகக் கிளினிக் போகிறார்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து பஸ்ஸைக் கோட்டைவிடாமல் இருக்க நானும் கூடப் போகிறேன்.