அந்தத் தட்டில் ஆயில் படக் கூடாதாம்

என் கணவரின் இடுப்பு முறிந்ததற்கு, ராமநாதபுரத்தில் அவருக்கு மின்சார சைக்கிள் விற்ற கடைக்காரர்தான் காரணம். போன ஆடி மாதம், பாம்பன் பாலத்தில் நடந்தது.

எங்கள் வீடு மண்டபத்தில். படகில் வலை இழுத்து முதுகு போன பிறகு, அவருக்குப் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. ரோட்டை விட்டு இறங்கினால் கம்பெனி வரை வெறும் மணல். ஸ்கூட்டர் புதையும், தள்ள அவருக்குத் தெம்பில்லை. மலையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள், மோட்டாரும் வேண்டும், தூக்கவும் லேசாக இருக்க வேண்டும் என்று மதுரை வரை அலைந்தோம். எல்லாம் கனம். கடைசியில் இந்தக் கடையில் ஒன்று கிடைத்தது. ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "ஒன்னயவிட லேசா இருக்குடி" என்று சிரித்தார். படகை விட்ட பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"உப்புக் காத்துல துருப்பிடிக்காதா தம்பி?" என்று கேட்டார்.

"கடக்கரை ஆளு, உங்களுக்குத் தெரியாததாண்ணே? வழக்கமாச் செய்யுறதச் செய்யுங்க" என்றார் கடைக்காரர்.

எங்கள் வழக்கம் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வண்டியோ படகு எஞ்சினோ, இரும்பு தெரிகிற இடமெல்லாம் வேஸ்ட் ஆயிலைத் தடவுவோம். ஞாயிற்றுக்கிழமை அவரும் உட்கார்ந்து தடவினார். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று இருந்த தட்டையும் விடவில்லை. பிரேக் பிடிப்பதே அந்தத் தட்டில்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை பாலத்தில் ஏறும்வரை பிரேக்குக்கு வேலை இல்லை. பாம்பன் பக்கம் இறங்கும்போது இரண்டு பிரேக்கும் வழுக்கிவிட்டன. நின்றிருந்த மீன் லாரியின் பின்னால் போய் மோதினார். பிழைத்தார். இனி நடக்க மாட்டார்.

சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தட்டை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "அக்கா, யாரு இதுல ஆயில் போட்டது? ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுல்ல" என்றார். தொட்டவுடனே தெரிந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவர் விற்கும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அடுத்த ஆளுக்கு சைக்கிள் காட்டப் போய்விட்டார்.

வீட்டில் இவர் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். "எங்கையால நானே தடவுனேன்ல" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. 'உங்களுக்குத் தெரியாததா' என்று யார் சொன்னாலும், 'தெரியாது, சொல்லுங்கள்' என்கிறேன் இப்போது. கேட்க வந்தவன் வாயை அடைக்கிற வார்த்தை அது.

கடைக்காரரே, உங்கள் பெயரை நான் எழுதவில்லை. கடற்கரை ஆள் இரும்பைக் கண்டால் ஆயில் தடவுவான் என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? நான் இதை எழுதியிருக்கிற இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். என் கணவருக்கு நான் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.