பையோடு நட்ட கன்றுகள்

கிள்ளான் ஆற்றங்கரையில் எங்கள் இளைஞர் மன்றம் மரக்கன்று நட்ட மறுநாள், அங்கே விட்டுவந்த மண்வெட்டியை எடுக்கப் போனேன். மஞ்சள் பூட்ஸ் போட்ட நகராண்மைக் கழகத் தொழிலாளி ஒருவர் கன்றுகளைத் தோண்டியெடுத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்து, மறுபடி நட்டுக்கொண்டிருந்தார். கிழித்த ஒவ்வொரு பையையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“பையோட நட்டா செத்துரும் லா. இப்படி நட்டது யாரு, தங்கச்சி?”

“தெரியலண்ணே.”

“படிச்ச புள்ளைங்களாத்தான் இருக்கும்!” என்று சிரித்தார்.

என் அம்மா எஸ்டேட் நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்புகிறவர். விழாவுக்குப் பிரமுகர் வருமுன் முடிக்கவேண்டுமென்று, பையோடு நடச் சொன்னவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து, போட்டுப்போன சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்: மார்பில் ‘மரம் நடு விழா’ என்று பெரிய எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த நான்.