கரி டப்பாக்காரர்

ஓரின் டக்கெட் அடுத்தவர் வீட்டு கராஜுக்குள் நுழைந்தால் முதலில் மண்டியிடுவார். பானட்டைத் திறக்கச் சொல்லமாட்டார்; நலம் விசாரிப்பதும் அரைகுறைதான். எழுபத்திரண்டு வயது முழங்கால்கள் சடசடக்க, தரையில் கன்னத்தை வைத்து மூச்சை இழுப்பார். "பெட்ரோல் ஆவி மேல போகாது தம்பி. தரையோட தரையா ஊர்ந்து போகும். நின்னுக்கிட்டு மோந்தா ஒண்ணும் தெரியாது." அப்படியே தலையைத் திருப்பி, கேஸ் வாட்டர் ஹீட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்ப்பார். கலிபோர்னியாவில், எங்கள் ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டில் முக்கால்வாசி வீடுகளில் அது கராஜில்தான் நிற்கிறது, அடியில் ஒரு நீலச் சுடர் எந்நேரமும் எரிந்தபடி.

அவருடைய மெக்கானிக் பட்டறைக்கு எதிரே உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் சொல்கிறேன், சுலபத்தில் சகித்துக்கொள்ளக்கூடிய மனிதர் அல்ல. யாராவது ரேடியோ போட்டால் அணைத்துவிடுவார். மதியம் பீன்ஸ் டப்பாவைத் திறந்து அப்படியே தின்பார். சூடாக்கித் தரட்டுமா என்றால் முறைப்பார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைப் பிரித்து மேஜைமேல் பரப்பியிருக்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் இளகும். அதன் பித்தளை மிதவையைக் காதருகே கொண்டுபோய் ஆட்டி, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்பார். அப்போது பேச்சுக் கொடுத்தவன் தொலைந்தான்.

வெயிலில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது காற்றில் கலக்காமலிருக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருடத்திலிருந்து கலிபோர்னியா வண்டிகளில் கரி அடைத்த டப்பா ஒன்றை வைத்தார்கள். டேங்கிலும் கார்ப்பரேட்டரிலும் எழும் ஆவி டியூப் வழியாக அதில் போய் ஒடுங்கும். எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். எட்டு சிலிண்டர் வண்டிகளை உறுமவிட்டுத் திரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. ஓரினுக்கு அறவே ஆகாது. "கவர்மெண்ட் மாட்டுன மூக்கணாங்கயிறு. அறுத்து விட்டாத்தான் வண்டி பாயும்" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தெட்டு வண்டிகளில் பிடுங்கி எறிந்தார். உண்மையில் அந்த டப்பா எஞ்சின் பலத்தில் ஒரு குதிரைச் சக்தியைக்கூடத் தின்றதில்லை. அறுத்துவிட்ட டியூபின் வாயில், கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன மரக்குச்சியை அடித்து அடைத்துவிடுவார். எல்லாரும் செய்ததுதான். அந்தக் குச்சிகளைக் கிண்ணத்தில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தவன் நான். அவ்வளவு பழைய வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆகஸ்ட் மதியம், அவருடைய நண்பர் லோவெல் ஸ்ட்ராட்டின் கராஜ் வெடித்துத் தீப்பிடித்தது. லோவெல் எண்ணெய்க் கிணற்றில் வேலையில் இருந்தார். அவர் மனைவி நதீன் கராஜில் இருந்த வாஷிங் மெஷினில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்; பிழைக்கவில்லை. பழைய வண்டி, பெட்ரோல் கசிவு, விபத்து என்று தீயணைப்புத் துறையினர் எழுதி முடித்தார்கள்.

கருகிய வண்டியை ஓரின் போய்ப் பார்த்தார். பத்து நாள் கழித்து என் கடைக்கு வந்து, மரக்குச்சிக் கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, அதைவிட என்மேல். அன்றிலிருந்து பழைய இரும்புக் கடைகளில் கரி டப்பாக்களைத் தேடி வாங்கி, தான் பிடுங்கிய வண்டிகளிலெல்லாம் திரும்ப மாட்டிக்கொண்டு வருகிறார். கரி டப்பாக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால், வயசாயிடுச்சு, புத்தி வந்துடுச்சு என்று மழுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் லோவெலோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நதீன் போனபின் அந்த வீட்டு வாசலை மிதிக்கிற ஒரே ஆள் அவர்தான். ஆனால் என்னிடம் சொன்னதை லோவெலிடம் சொல்லவேயில்லை.

போன ஜூலையில் லோவெல் ஒரு வண்டி வாங்கினார். எரிந்துபோன வண்டியைப் போலவே அதே எழுபதாம் வருட மாடல், அதே ஆரஞ்சு நிறம். மூன்று வருடத்தில் முதல் முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன். பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பானட்டைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி மட்கார்டில் வைத்தார். "பழைய வண்டிக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு குடு. மொதல்ல இந்த டப்பாவப் பிடுங்கு."

கேஸ்கெட் கொடுக்கப் போன நான் அங்கே நின்றிருந்தேன். ஏதாவது பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாதா இந்த மனிதர் என்றுதான் நினைத்தேன்.

"முடியாது லோவெல்" என்றார் ஓரின். "அந்த வண்டியில நான்தான் டியூப அடைச்சேன். வெயில் சூட்டுல டேங்குக்கு மூச்சு விட வழியில்ல. உள்ள ஆவி முட்டி, பெட்ரோல மேல தள்ளி, கார்ப்பரேட்டர் வழியா ஊத்திடுச்சு. நதீன் என்னாலதான் போனா."

லோவெல் தூக்கிய பானட்டை இறக்கி மூடினார்.

"துணியெல்லாம் பெட்ரோல் நாறுதுன்னு கோடை முழுக்கச் சொன்னா. உன்கிட்ட வந்து கேட்டேன்ல?"

"கேட்ட."

"என்ன சொன்ன நீ?"

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், பழகிக்கச் சொல்லுன்னேன்."

"நானும் போய் அவகிட்ட அதையேதான் சொன்னேன்" என்றார் லோவெல்.

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வீடு மூன்று மைல். அன்று நாற்பத்துமூன்று டிகிரி வெயில். தொப்பி மட்கார்டிலேயே கிடந்தது.

ஓரின் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இடையில் இருபது அடி இருக்கும். அதைக் குறைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. தெருமுனையில் லோவெல் நின்றார். ஓரினும் நின்றார். தொப்பியை நீட்டாமல், தன் தலையிலும் வைத்துக்கொள்ளாமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி, லோவெல் மறுபடி நடக்கிறவரை அந்த வெயிலில் நின்றார்.