பேட்டரியைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். திண்டுக்கல்லில் கடை. புகைந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

போன வருஷம் ஒரு மெஷின் செய்தேன். பேட்டரி மோட்டாரை ஓட்டும். மோட்டார் பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றும். டைனமோ அதே பேட்டரியை ஏற்றும். ஒருமுறை தட்டிவிட்டால் காலத்துக்கும் ஓடும், மிச்சக் கரண்டை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும். பரீட்சையில் எழுதியதைப் பட்டறையில் யார் நினைத்துக்கொள்கிறார்கள்!

முதல் நாள் மதியம் வரை ஓடி நின்றது. பேட்டரி பழசு என்று சொல்லிக்கொண்டேன். தினமும் கடை அடைக்கையில் அதைச் சார்ஜில் போடுவேன். போட்டதை மறுநாள் நானே மறந்துவிடுவேன். வடமதுரைப் பக்கம் விவசாயம் பார்க்கும் தங்கை வீட்டுக்காரரை வரவழைத்துக் காட்டி, "மாப்ள, ஒங்க கெணத்துக்கு இனிமே கரண்டு லைனே வேணாம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அவரோ கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். அப்போதுதான் முறை வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மின்வாரிய ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். "மச்சானே சொல்லிட்டாரு, அப்புறமென்ன" என்று மனுஷன் பேசாமல் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் நெருங்கும்போது தங்கை பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார்மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏண்ணே, இம்புட்டுக் கொதிக்குது. இந்தச் சூடு எங்கருந்து வருது?"

"மோட்டார்னா சுடத்தான் செய்யும்."

"ஒரு டம்ளர் வெந்நி வைக்கவே நான் கேஸத் தொறக்க வேண்டியிருக்கு. இதுக்கு யாரு குடுக்குறா? சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சூடு, பெல்ட்டின் உரசல், கிர்ரென்ற சத்தம் எல்லாமே பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருந்தவைதான். ஒன்றும் அழிந்துபோகவில்லை, பேட்டரிக்குத் திரும்பவும் இல்லை.

"பேட்டரியக் கழட்டிட்டு ஓட்டிக் காமி. ஓடுச்சுன்னா பேசாமப் போயிர்றேன்" என்றாள்.

கழற்றினேன். மூச்சு விடும் நேரம்கூட ஓடவில்லை.

"அவரு நீ சொன்னாத்தான் கேப்பாரு. வா, போவோம்."

சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று இழுத்தேன். "அதுக்குள்ள ஆபீஸப் பூட்டிருவாங்க" என்று வண்டிச் சாவியை என் கையில் திணித்தாள்.

வடமதுரைக்குப் போய், மாப்பிள்ளையைத் தோட்டத்தில் தேடிப் பிடித்து, மெஷின் ஓடாதென்று சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று பேரும் மின்வாரிய ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு.

கையெழுத்து வாங்கியவர், "கடைசி நாள்ல ஓடி வாறீங்களே" என்று சலித்துக்கொண்டார்.

"எங்க மச்சான் ஒரு மெஷின் செஞ்சாருங்க. சரிப்படலன்னதும் அவரே தேடி வந்து சொல்லிட்டாரு. செஞ்சவனே வந்து இப்புடிச் சொல்லுவானா? அவருக்குத்தான் நான் கும்புடு போடணும்" என்றார் மாப்பிள்ளை.

எனக்குத் தலை நிமிரவில்லை. கும்பிட வேண்டியவள் அவர் பக்கத்திலேயே, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றாள். "ஆமா, எங்கண்ணன் பொய் சொல்லாது" என்றாள்.