பத்து மணிக்கு எழும்புகிறவள்

என் வகுப்பில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் பேசமாட்டாள். கொப்பி, பென்சில், தண்ணீர்ப் போத்தில் மூன்றையும் மேசையில் நேராக அடுக்கிவிட்டு அமைதியாக இருப்பாள். ஆனால் போன பள்ளித் தவணையில், பத்து மணியானதும் எழும்பிவிடுவாள். வாசல், முற்றம், பிறகு பஸ் ஓடும் தெரு. படலையைப் பூட்டினால் வேலி இடுக்கால் போவாள். நான் பின்னால் ஓடுவேன்.

எங்கள் தீவில், தோட்டவெளிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம். நான் தொண்டர் ஆசிரியை. இப்படியான பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. போனில் வீடியோக்களைப் பார்த்து, அன்றன்றைய வேலைகளை அட்டைகளில் படமாகக் கீறி, உடுப்புக் கிளிப்பால் கயிற்றில் தொங்கவிட்டேன். செபம், எழுத்து, கணக்கு, இடைவேளை, வீடு. ஒரு வேலை முடிந்ததும் அவளே வந்து அந்த அட்டையைத் திருப்பிவிடுவாள். அதில் அவளுக்குத் தனிச் சந்தோசம். பத்து மணிக்கு மட்டும் அட்டையாவது ஒன்றாவது.

ஒருநாள் பஸ் ஒன்று அவளுக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றது. அதிபர் தாயைக் கூப்பிட்டார்.

"தவணை முடியுமட்டும் பாப்பன் அம்மா. பிறகும் தெருவுக்குப் போனா வச்சிருக்க ஏலாது. பெருநிலப்பக்கம் விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு."

"அவ என்ர கையால தீத்தினாத்தான் சாப்பிடுவா, சேர்," என்றார் தாய்.

கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நினைத்து, அந்த நேரத்தில் சித்திரத்தை வைத்தேன். சித்திரத்தை விட்டும் ஓடினாள்.

திங்கட்கிழமைகளில் மாத்திரம் ஓடமாட்டாள். அதற்கான விளக்கம் எங்கள் எல்லோரிடமும் தயாராக இருந்தது. "ஞாயிறு பூசை கண்ட அமைதி," என்றார் அதிபர். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. "அப்ப ஒவ்வொரு நாளும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று தாய்க்குச் சொன்னவளே நான்தான். பாவம், செவ்வாய் விடியப்புறம் தாயும் மகளும் கோயிலில் நின்றார்கள். பத்து மணிக்கு மகள் தெருவில் நின்றாள்.

"சுவாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிப் போட்டார் போல," என்றார் பக்கத்து வகுப்பு ரீச்சர்.

அன்று அவள் கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கும்போதுதான், அவள் பார்க்கும் பக்கம் நானும் பார்த்தேன். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். எங்கள் காதுக்குப் பழகிப்போன சத்தம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் வலை இறங்காது. திங்கட்கிழமை மீன்காரர் வரமாட்டார்.

பின்னேரம் தாயிடம் கேட்டேன்.

"ஓம் ரீச்சர். லீவு நாளில ஹோர்ன் கேட்டா, மீன் வாங்க ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையடிக்கு முதல் போறது அவதான். வீட்டில அவவுக்கு எண்டு இருக்கிற ஒரே வேலை."

பிள்ளை தன் வேலைக்குப் போயிருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு நாளும் மறித்திருக்கிறேன்.

மீன்காரர் நல்ல மனிசன். "பள்ளிக்கூடத்தடியில அடிக்காமப் போறன் தங்கச்சி," என்றார்.

"வேண்டாம் அண்ணை. நல்லா அடியுங்கோ."

அடுத்த நாள் கயிற்றில் புதிய அட்டை ஒன்று தொங்கியது: ஓலைப்பெட்டி. உண்மையான பெட்டி ஒன்றையும் அவள் கதிரையடியில் வைத்தேன். ஹோர்ன் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். நான் எழும்பவில்லை, எழும்பாமல் இருப்பது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லிவைத்தபடி முன் மேசை வாயாடி தன் கொப்பியை நீட்டினாள்.

"இந்தாடி, என்ர சூடை மீன். உடன் பிடிச்சது."

வாசலில் நின்றவள் தெருவைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து அதை வாங்கிப் பெட்டியில் போட்டாள். அடுத்த மேசையில் ஒரு பாரை கிடைத்தது. பின் வரிசையில் யாரோ திருக்கை கொடுத்தார்கள். எல்லாக் கொப்பிகளையும் என் மேசையில் கொட்டி, அட்டையைத் திருப்பிவிட்டு, தன் கதிரையில் போய் இருந்தாள்.

தவணை முடிந்தது. விடுதிக் கதையை அதிபர் எடுக்கவே இல்லை.

இப்போது திங்கட்கிழமைதான் வில்லங்கம். ஹோர்ன் வராது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பாத அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஆகவே திங்கட்கிழமைகளில் பத்து மணிக்கு யன்னலடியில் நின்று நான்தான் வாயால் ஹோர்ன் அடிக்கிறேன். முதல் நாள் அதிபர் எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன மீன், ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.