தவமலரின் சீதன வீடு

தவமலருக்குச் சொந்தமென்று உலகத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று, கொக்குவிலில் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த கல்வீடு. மற்றது, அந்த வீட்டுக்குக் காவலாக நின்ற புருசன் செல்வரத்தினம். வீட்டைச் சொல்லிவிட்டுப் புருசனைச் சொல்வது அவள் குற்றமில்லை. அவளுடைய அண்ணன் சிவானந்தன் போட்ட ஒழுங்கு அது.

எண்பத்தெட்டில் புருசனும் பெண்சாதியுமாக லண்டனுக்கு வெளிக்கிட்டபோது அங்கேயிருந்த சிவானந்தன் போனில் தடுத்தார். "வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தால் ஆரும் வந்து குடியேறிடுவினம். முதல் நீ வா. அவர் வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும், பிறகு கூப்பிடுவம்."

தவமலர் அண்ணன் சொல்லைத் தட்டி அறியாதவள். செல்வரத்தினமும் வாய் திறக்கவில்லை. அவர்களுடையது மாற்றுச் சம்பந்தம். சிவானந்தனின் மனைவி கனகாம்பிகை, செல்வரத்தினத்தின் கூடப்பிறந்த அக்கா. பெண்சாதியின் அண்ணனே அக்காவின் புருசனாகவும் இருந்தால் ஒரு மனிதன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்?

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. தவமலர் இல்ஃபோர்டில் அண்ணன் வீட்டுச் சின்ன அறையில் இருந்துகொண்டு, சான்ட்விச் பக்டரியில் காலை ஷிப்ட் செய்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மனோர் பார்க் முருகனிடம் போய், புருசன் உயிரோடு வந்து சேரவேண்டும் என்று கேட்டாள். வேறெதுவும் கேட்டதில்லை. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் மேல் விமானங்கள் சுற்றின. டெலிபோன் அறுந்துபோயிற்று, கொழும்பிலிருந்து யாராவது எடுத்துச் சொன்னால்தான் சேதி. போன் அடித்தால் சிவானந்தன்தான் எடுப்பார். "சுகமாய் இருக்கிறாராம்" என்பார். அவளும் நம்புவாள்.

அடுத்த வருசக் கோடையில் ஒரு ஞாயிறு, கொவென்றி பார்க்கப் போவோம் என்று காரை எடுத்தார். ஞாயிறென்றால் மத்தியானம் வரை கட்டிலை விட்டு இறங்காத மனிதர் அவர்.

"வாற கிழமை குரோய்டனிலை விசா இன்டவியூ. யோசிச்சு யோசிச்சு வருத்தக்காரியாய்ப் போடுவாய். ஊர் பாத்தால் மனம் ஆறும்" என்றார்.

படிக்க வந்த காலத்தில் கொவென்றியில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர், வழி தெரியும். ரெண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரன் குண்டு போட்டு ஒரே இரவில் எரித்த ஊர் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் கொங்கிரீட்டுக் கடைகளும் கார் நிறுத்தும் மாடிகளும்தான் முன்னுக்கு நின்றன. நடுவில் கூரையில்லாத பழைய தேவாலயம். சுவர் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, யன்னல்களுக்குள்ளால் வானம் தெரிகிறது. ஒட்டினாற்போல் புதுத் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்.

"பார் பிள்ளை, எவ்வளவு அழிவு. திருப்பிக் கட்டி எழும்பீட்டினம்தானே. இழப்பு எல்லாருக்கும் வாறது. நாங்கள்தான் மனதைத் தேற்றோணும்" என்றார் சிவானந்தன்.

ஒருதரம் சொன்னால் சரி. சுவருக்குச் சுவர் நின்று அதையே சொன்னார். கனகாம்பிகை தடிமன் என்று சொல்லி, முகத்தை அப்பால் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அங்கேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். அந்த வீட்டில் தூரப் பயணமென்றால் மட்டன் ரோல்ஸும் முட்டை சான்ட்விச்சும் இல்லாமல் கார் கிளம்பாது. அன்றைக்குப் பாணும் சம்பலும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். தவமலர் ஒரு துண்டுப் பாணை எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒரு கிழமையாக வீட்டில் மீன் இல்லை. வெள்ளிக்கிழமை மச்சாள் கனகாம்பிகை கோயிலுக்கு வரவில்லை. நான் தனியப் போறன் என்றதற்கு, மழை வரும், வேண்டாம் என்று அண்ணன் மறித்தார். மழை வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். செத்ததை மறைக்கத் தெரிந்தவர்களுக்குச் சாவுத் தீட்டான துடக்கை மறைக்கத் தெரியவில்லை. தங்கச்சிக்குப் பொய் சொல்லலாம். துடக்கோடு கோயில் படி மிதிக்கலாமோ? முருகனுக்குப் பயந்த அளவுக்கு அவளுக்கு அவர்கள் பயப்படவில்லை.

"மச்சாள், எங்களுக்கு ஆரின்ரை துடக்கு?" என்று கேட்டாள்.

சிவானந்தன் வாயெடுக்க முன்னம் கனகாம்பிகை உடைந்துவிட்டாள். "என்ரை தம்பி போயிட்டானடி. மண்ணெண்ணெய் வாங்கச் சந்திக்குப் போனவனாம். பிளேன் வந்து குண்டு போட்டிட்டுது. போன சனிக்கிழமை போன் வந்தது. இவர்தான் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

ஐஸ்கிரீமோடு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தது. தவமலர் அழவில்லை.

"ஒரு கிழமையாய் நான் தலைசீவிப் பொட்டு வைச்சுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தன். ரிவி பாத்துச் சிரிச்சன். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"இன்டவியூ முடியட்டும் எண்டு நினைச்சன், பிள்ளை. நீ குழம்பிப்போய் அங்கை ஏதும் மாறிச் சொன்னால் விசா கிடையாது. உன்ரை நன்மைக்குத்தான்."

"அவரை அங்கை நிக்கச் சொன்னதும் என்ரை நன்மைக்குத்தானே, அண்ணை?"

சிவானந்தன் கூரையில்லாத சுவர்களை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். தங்கச்சிக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று அந்த மனிதர் உண்மையாகவே தவித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. ஒரு ஓடுகூட விழேல்லையாம்" என்றார்.

தவமலர் கையிலிருந்த பாணைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்ப இனி நீங்கள் போய்க் காவல் இருங்கோ, அண்ணை" என்றாள்.